மெதுவா வரட்டும்

ஐஸ் பெட்டிக்காரன் மேசைக்கு அடியில் குனிந்து பிளக்கில் கை வைத்தபோது வெண்மதி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அதப் புடுங்காதீங்க."

பிடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. கூடத்தில் கணவனின் உடலுக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் எப்போது எழுந்தாள், அழுதுகொண்டிருந்த பெண்களைத் தாண்டி இந்த அறைக்குள் எப்படி வந்தாள் என்று நினைவில்லை.

அவன் கையை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தான். "பெரிய பிளக்கு இந்த வூட்டுல இது ஒண்ணுதானுங்க இருக்குது. சின்னதுல போட்டா ஒயரு உருகிரும். ஜெனரேட்டரு கம்பைநல்லூர்ல இன்னொரு எழவுக்குப் போயிருச்சு."

"பக்கத்துல எங்கயாவது…"

"காட்டுக்குள்ள வூட்டக் கட்டிட்டுப் பக்கத்துலன்னா எங்கங்க போறது? ஒரு நிமிசம். உங்க மிசினை அந்தச் சின்ன பிளக்குல மாத்திப் போட்டுர்றேன். அவ்வளவுதான்."

"ஒரு நிமிசங்கூட நிக்கக் கூடாதுங்க."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வெளியே போனான்.

மேசைமேல் இரண்டு கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டிகள் இருந்தன. மூலையில் பெயின்ட் உரிந்தது பழையது. பக்கத்தில் புதியது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, எழவு என்று அவள் கணவன் அறிவழகன் அரூரைச் சுற்றி இத்தனை காலம் பிடித்த வீடியோ அத்தனையும் பழைய பெட்டிக்குள் இருந்தது. அதன் ஹார்ட் டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் போய்விடும் என்ற நிலை. டயாலிசிஸ் முடிந்து வந்த ஒரு நாள், அவனே எல்லாவற்றையும் புதுப் பெட்டிக்கு மாற்றத் தொடங்கினான். காப்பி போடவில்லை, மூவ் போட்டான். அங்கே ஒன்று ஏறினால் இங்கே அது அழியும்.

"ரெண்டு எடத்துல இருந்தா எது நெசம்னு தெரியாமப் போயிரும், புள்ளே" என்றான்.

வரிசையையும் அவனேதான் போட்டான். ஊரார் ஃபோல்டர்கள் எல்லாம் முதலில். முருகேஷ் கடைசியில்.

"பெத்த புள்ளயக் கடைசியிலயா வெப்பீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவன் காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டான். "அவன் மெதுவா வரட்டும்."

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். நடுவில் நிறுத்திவிடக் கூடாது. நின்றால் இந்த டிஸ்க் மறுபடி எழுந்திரிக்காது. யுபிஎஸ் பேட்டரி வேறு போன வருஷமே போய்விட்டது. கரண்ட் போகக் கூடாது என்று கும்பிட்டுக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இன்று காலை பல் துலக்கப் போனவன் தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலேயே சரிந்தான். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

பழைய பெட்டியிலிருந்து ஒரு சத்தம். கர்க். ஓய்ந்து, மறுபடி கர்க். சின்னப் பையனாக இருந்தபோது முருகேஷ் தூக்கத்தில் இப்படித்தான் பல்லைக் கடிப்பான். தாடையை மெல்ல அழுத்தினால் நிறுத்துவான். தொப்பூர் இறக்கத்தில், பைக்கோடு லாரிக்கு அடியில் அவன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் அந்தச் சத்தத்தை மறந்திருந்தாள். இந்தச் சில நாட்களாக அது வீட்டுக்குள் இருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அறிவழகனுக்கும் கேட்டிருக்க வேண்டும். சத்தம் வரும்போதெல்லாம் அவன் பேச்சைப் பாதியில் விட்டுவிடுவான்.

மகன் போன பிறகு இருவருமே அந்த ஃபோல்டரைத் திறந்ததில்லை. திறக்காமல் இருப்பதற்கும் அது இருந்தாக வேண்டும்.

"என்ன நடக்குது இங்க?" அறிவழகனின் அக்கா தீர்த்தம்மாள் வாசற்படியில் நின்றாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "ஐஸ் பெட்டி வெளியவே கெடக்குது. சித்திர வெயிலு. ஒடம்பு தாங்குமா?"

"ஐஸ் பெட்டி வேண்டாங்க்கா. இன்னைக்கே எடுத்துரலாம்."

"என்னது?"

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துரலாம்."

"மாது நாக்பூருகிட்ட லோடோட நிக்கிறான். நாளைக்குப் பொழுதோட வந்துருவான். கூடப் பொறந்தவன் மொகம் பாக்க வேண்டாமா? ஒனக்கென்ன பித்துப் புடிச்சிருக்குதா?"

வெண்மதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் பங்காளி வீட்டுச் செல்லம்மாளின் குரல் கேட்டது. "புருசன் இங்க கெடக்குறான், இவளுக்குக் கம்ப்யூட்டரு கேக்குது." யாரோ அவளை அடக்கினார்கள். திரையில் அந்நேரம் நகர்ந்துகொண்டிருந்தது செல்லம்மாள் மகளின் கல்யாணம்தான். பெயர் ஒருமுறை மின்னி, பழைய பெட்டியின் வரிசை இருந்த இடப்பக்கத்திலிருந்து காணாமல் போனது.

"அக்கா" என்றாள் வெண்மதி. "முருகேசு இன்னும் வரலீங்க்கா."

தீர்த்தம்மாளின் வாய் திறந்தபடி நின்றது.

"இதுக்குள்ளதான் இருக்கான். இப்ப நிறுத்துனா அவ்வளவுதான்."

தீர்த்தம்மாள் உள்ளே வந்தாள். திரைக்கு அருகில் குனிந்து, வரிசையில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினாள். அடியில் வந்ததும் விரல் நின்றது. முருகேஷ் பிறந்தபோது நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைத்தது அந்த விரல்தான்.

கர்க் என்றது பெட்டி.

தீர்த்தம்மாளின் தலை சட்டென்று திரும்பியது. முருகேஷ் சின்னதில் படுத்துத் தூங்கிய மூலையைப் பார்த்தாள், பிறகு வெண்மதியை. "இது…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. இருவரும் அடுத்த சத்தம் வரும்வரை அப்படியே நின்றார்கள்.

பிறகு தீர்த்தம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். "பெட்டிய ஏத்திக்கிட்டுக் கெளம்பு சாமி. இன்னைக்கே எடுக்கறோம்" என்ற குரல் வாசலில் கேட்டது. சலசலப்பு எழுந்தது. "மாதுகிட்ட நான் பேசிக்கறேன். ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

வெண்மதி மறுபடி தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். தீர்த்தம்மாள் ஃபோனைத் தம்பியின் முகத்துக்கு மேலே பிடித்திருந்தாள். லாரி கேபினுக்குள் மாதுவின் முகம் குலுங்கியது.

"ஒரே ஒரு நாளுக்கா. வெக்க முடியாதா?"

"முடியாதுடா."

"அண்ணி சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

"ஏன்க்கா?"

"நல்லா பாத்துக்க. இந்தா, நெத்தி. பாத்துக்க." ஃபோனை இன்னும் தாழ்த்தினாள். சிக்னல் குறைந்து, மாதுவின் முகம் வாய் பிளந்தபடி அசையாமல் நின்றது. அழுகை மட்டும் வந்துகொண்டிருந்தது. வெண்மதி அந்த அசையாத முகத்தையும் கீழே கிடந்த முகத்தையும் பார்த்தாள். ஒரே மூக்கு.

வெயில் தணியும் முன்பே தூக்கினார்கள். பெண்கள் வரப்பு முனைவரை போய் நின்றார்கள். மேளம் வண்டிப்பாதையில் தேய்ந்து, மாந்தோப்புக்கு அப்பால் அடங்கியது.

திரும்பி வந்ததும் வீடு கழுவினார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விளக்குமாற்றால் தள்ளினார்கள். செல்லம்மாள் வாளியோடு கம்ப்யூட்டர் அறைக்கு வந்தபோது தீர்த்தம்மாள் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள்.

"இங்க ஊத்தாத."

"ஒரு மூலை விடாமக் கழுவணும்னு எங்க மாமியா சாவுல என்னை அந்த விரட்டு விரட்டுனீங்களே?"

"விரட்டுனேன்."

"அப்ப தீட்டு?"

"இருக்கட்டும். ஒரு நாளு கழிச்சுப் போவட்டும்."

கூடத்துத் தண்ணீர் படியை நோக்கி நகர்ந்து வந்தது. வெளியே எறிவதற்காகக் கட்டி வைத்திருந்த அறிவழகனின் துணி மூட்டையிலிருந்து ஒரு வேட்டியை உருவி, தீர்த்தம்மாள் அதைச் சுருட்டிப் படியோரம் அணைபோல் வைத்தாள். வேட்டி கொஞ்சம் கொஞ்சமாக நனைந்தது. அறைக்குள் தண்ணீர் வரவில்லை.

தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையோடு வெண்மதி உள்ளே வந்தாள். இடப்பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான் மிச்சம். அதற்குக் கீழே பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது. சில சமயம் நின்றது. நின்றபோதெல்லாம் பெட்டி பல்லைக் கடித்தது. அப்போது வெண்மதியின் கை தானாக எழுந்து அதன் பக்கவாட்டில் மெல்ல அழுத்தியது. தீர்த்தம்மாள் தரையில் சுவரோரம் உட்கார்ந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. யாரும் விளக்குப் போடவில்லை. சுவிட்சைத் தொடவே பயமாக இருந்தது.

கர்க்.

கர்க்.

அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. வலப்பக்கத்தில், எல்லோருக்கும் கீழே, அவன் பெயர்.

"வந்துட்டானா?" தீர்த்தம்மாள் கேட்டாள்.

"ம்."

"பாக்கலாமா?"

வெண்மதி திரையிலிருந்து பார்வையை எடுத்தாள். தீர்த்தம்மாள் மறுபடி கேட்கவில்லை.

தலைமாடு இருந்த இடத்தில் விளக்கேற்ற வேண்டும் என்று கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். வெண்மதி பழைய பெட்டியின் ஒயரைக் கழற்றினாள். இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி கூப்பிட்டார்கள். உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டி. சூடு இன்னும் ஆறவில்லை.