ஐந்திலிருந்து பதினாலாம் குழி வரை

நான் வேலையில் தப்பு செய்கிறவள் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சசிகலாவைப் பற்றி இப்படித்தான் சொல்வார்கள். சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பார்கள், அது வேறு விஷயம். பன்னிரண்டு வருடமாகக் கண்ணாடி இழைக் கேபிள் புதைப்பதும் அறுந்தால் ஒட்டுவதும்தான் என் பிழைப்பு. பாலக்கோட்டுக்கு மேற்கே மண்ணில் கை வைப்பதற்கு முன் பொக்லைன்காரர்கள் எனக்குத்தான் போன் போடுவார்கள்.

அதனால்தான் காட்டோரமாக ஒன்பது கிலோமீட்டர் கேபிள் புதைக்கும் வேலையும் என்னிடம் வந்தது. கனிமொழி என்று ஒரு பெண், முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள், அந்தக் கேபிளை வைத்து யானை வருவதைக் கண்டுபிடிக்கப் பார்த்தாள். இழைக்குள் ஒளியை அனுப்பினால் அதில் துளித்துளியாக வழியெல்லாம் திரும்பி வருமாம். மேலே மண் அதிர்ந்தால் திரும்பும் ஒளி மாறுமாம். போய் வந்த நேரத்தை வைத்து எத்தனையாவது மீட்டரில் அதிர்ந்தது என்று கணினி கண்டுபிடித்து, அந்தப் பக்கம் போகாதே என்று தோட்டத்து ஆட்களின் போனுக்குச் செய்தி அனுப்பிவிடும். போன வருடம் எங்கள் ஊரில் இரண்டு பேரை யானை மிதித்துக் கொன்றது. நல்ல காரியம்தான், நானும் மனசு வைத்துத்தான் செய்தேன்.

ஐந்நூறு மீட்டருக்கு ஒரு குழி. ஒவ்வொரு குழியிலும் பத்து மீட்டர் கேபிளைச் சுருட்டி உபரியாக வைக்க வேண்டும், பின்னால் அறுந்தால் இழுத்து ஒட்டுவதற்கு. பத்து மீட்டர் எந்த மூலைக்கு? ஒரு டிராக்டர் கலப்பை மாட்டி இழுத்தாலே முப்பது மீட்டர் நாசமாகிவிடும். வெயிலில் உட்கார்ந்து ஒட்டுகிறவளுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். முதல் நாலு குழிக்கு மேற்பார்வைக்கு வந்த இன்ஜினியர் பக்கத்திலேயே நின்றார், பத்து மீட்டர் வைத்தேன். ஐந்தாவது குழியிலிருந்து அவர் வரவில்லை. அறுபது மீட்டர் வைத்தேன். பதினாலாம் குழியோடு உபரிக்கு இருந்த மிச்சக் கேபிள் தீர்ந்துபோனது, அதற்கப்புறம் பழையபடி பத்துதான். பதிவேட்டில் மட்டும் எல்லாக் குழிக்கும் பத்து என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கனிமொழி அந்தப் பதிவேட்டை நம்பித்தான் வரைபடம் போட்டாள். குழிக்குக் குழி தரையில் சுத்தியலால் அடித்து, நாம் அடித்த இடமும் கணினி சொல்லும் இடமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். முதல் நாலு குழி பார்த்தோம், அச்சாகப் பொருந்தியது. மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். வாய் வரவில்லை.

அடுத்த வாரத்துக்கு முன்பே அருள்குமார் சார் வந்துவிட்டார். ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கிற இடத்து அதிகாரி. பஞ்சாயத்துக் கட்டிடத்தில் எங்கள் கருவி இருந்த அறைக்குள் நுழைந்ததும், "யானை வர்ற மாசத்துல காட்டாம வேற எப்ப காட்டுவீங்க? இன்னிக்கே ஆன் பண்ணுங்க" என்றார். கனிமொழி தயங்கினாள், பிறகு செய்தி அனுப்பும் வசதியைத் திறந்துவிட்டாள். நான் சுவரோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஐந்தே காலுக்குக் கருவியின் மணி அடித்தது. திரையில் தடித்த புள்ளிகள் மெதுவாக நகர்ந்தன.

"யானை சார்" என்றாள் கனிமொழி. "ஏழு புள்ளி ஒன்பது கிலோமீட்டர். ஏரிக்கரை."

செய்தி தானாகவே போய்விட்டது: ஏரிக்கரையில் யானை, பாலத்து வழியாக வரவும். அருள்குமார் சார் கைதட்டினார்.

பத்துக் குழி, குழிக்கு ஐம்பது மீட்டர் கூடுதல். மொத்தம் அரை கிலோமீட்டர் கேபிள் சுருண்டு கிடக்கிறது, அது கணினிக்குத் தெரியாது. யானை ஏரிக்கரையில் இல்லை. அரை கிலோமீட்டர் இந்தப் பக்கம், பாலத்தில் நிற்கிறது.

ஏரிக்கரைக்கும் பாலத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே தக்காளித் தோட்டம். அங்கிருந்து ரோட்டுக்கு வர இந்த இரண்டே வழிதான். அங்கே பழம் பறிக்கப் போனது செல்லியும் இன்னும் நாலு பெண்களும். செல்லி என் அண்ணன் மனைவி. வீட்டு வாசலில் நான் போட்டிருந்த கேபிள் சுருளில் அவள் கன்றுக்குட்டியின் கால் மாட்டி ஒடிந்துபோனது. "தப்புதான்னு ஒரு வார்த்த சொல்லு சசி, எனக்கு அது போதும்" என்றாள். கன்றைக் கட்டி வளர்க்கத் தெரியாதவள் என்று அவளையே திட்டிவிட்டு வந்தேன். மூன்று மாதமாகப் பேச்சு இல்லை.

அப்போதும் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. இதைச் சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும், கையெழுத்துப் போட்ட கையைக் காட்டிச் சிரிப்பார்கள் என்றெல்லாம் நினைத்தபடி கல்லாக நின்றேன். திரையில் புள்ளிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"கனி, அது ஏரிக்கரை இல்ல. பாலம்" என்றேன்.

"இல்லக்கா, உங்க பதிவேட்டுப்படி..."

"பதிவேடு பொய். அஞ்சாம் குழியிலிருந்து பதினாலு வரைக்கும் அறுபது அறுபது மீட்டர் வெச்சிருக்கேன்."

அருள்குமார் சார் எழுந்துவிட்டார். "இன்னொரு மெசேஜ் அனுப்புங்க, சீக்கிரம்."

"அனுப்புறேன் சார். ஆனா முதல் மெசேஜப் பார்த்ததும் போனைப் பையில போட்டுட்டுக் கிளம்பியிருப்பாங்களே."

செல்லிக்கு என் போனிலிருந்து அடித்தேன். வெட்டினாள். மறுபடி அடித்தேன், மறுபடியும் வெட்டினாள். கனிமொழியின் போனைப் பிடுங்கி, அருள்குமார் சாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். எடுத்தாள். நடக்கிற மூச்சு இரைந்தது.

"அண்ணி, பாலத்துக்குப் போவாதீங்க. யானை அங்கதான் நிக்குது."

"ஓ, நீயா" என்றாள் செல்லி. "மெசினு ஏரிக்கரைன்னு சொல்லுது. அஞ்சு பேரு போனுக்கும் வந்துச்சு. மெசினு பொய் சொல்லுதா, நீ மட்டும் நெசம் பேசுறியா?"

"இப்ப எங்க இருக்கீங்க?"

"ஓடையில எறங்குறோம். அந்த வளைவத் தாண்டுனாப் பாலந்தான். நீ போன வெய்யி."

"அண்ணி, வெச்சுடாதீங்க." "தப்பு எம்மேலதான். கேபிள் நீளத்த நான்தான் பொய்யா எழுதுனேன், அதான் மெசினு தப்பாச் சொல்லுது. நான் செஞ்ச தப்புங்க அண்ணி."

அத்தோடு போன் வெட்டுப்பட்டது. திரும்ப அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

அருள்குமார் சார் ஒரு தாளில் ஏதோ எழுத ஆரம்பித்தார். எழுதட்டும். கனிமொழி திரையை வெறித்தபடி இருந்தாள். யானைப் புள்ளிகள் ஏழு புள்ளி ஒன்பதில் அப்படியே நின்றன.

"மனுசங்க நடந்தாத் தெரியுமா கனி?"

"கேபிளுக்குப் பக்கத்துல வந்தா லேசாத் தெரியும்."

"ஏரிக்கரை வழியாப் போனா எட்டு புள்ளி நாலுல பாரு. அரை கிலோமீட்டரக் கூட்டிக்கோ."

திரையை நகர்த்தினாள். அங்கே ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் போனது. இன்னொரு நிமிடமும் போனது. பாலத்தின் பக்கம் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன், பயத்தில் கேட்கவில்லை. எங்கள் குலசாமியை மனசுக்குள் எத்தனை முறை கூப்பிட்டேன் என்று தெரியாது.

"அக்கா" என்றாள் கனிமொழி.

எட்டு புள்ளி நாலில் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நிதானமாக நடக்கிற காலடி இல்லை அது, ஓட்டம். விரலை வைத்து எண்ணப் பார்த்தாள், எண்ணிக்கை பிடிபடவில்லை.

பத்து நிமிடம் கழித்து என் போன் அடித்தது. என் போன்தான்.

"ரோட்டுக்கு வந்துட்டோம். அஞ்சு பேரும்" என்றாள் செல்லி. மூச்சு இன்னும் அடங்கவில்லை அவளுக்கு. "கரை மேல ஏறித் திரும்பிப் பார்த்தா பாலத்துல மூணு நிக்குது சசி. ஒண்ணு குட்டி. பழக்கூடை எல்லாம் ஓடையிலயே கெடக்குது."

"கெடக்கட்டும் அண்ணி. நான் சொன்னத எப்படித்தான் நம்புனீங்க?"

"யானைன்னு சொன்னத எங்க நம்புனேன்" என்றாள். "நீ தப்பு செஞ்சேன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் பயந்து ஓடுனேன். இந்த வூட்டுக்கு நான் வந்து பதினாறு வருசம் ஆவுது, உன் வாயில அந்த வார்த்த வந்ததே இல்ல. யாரோ சாவப் போறாங்கன்னு தெரிஞ்சாத்தான் உனக்கு அது வரும்."

போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அருள்குமார் சார் தாளை என் பக்கம் தள்ளி, எந்தெந்தக் குழி என்று என் கையாலேயே எழுதச் சொன்னார். ஐந்திலிருந்து பதினாலு வரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் இன்னும் லைனில்தான் இருந்தாள்.

"அண்ணி" என்றேன். "கன்னுக்குட்டி கால் ஒடிஞ்சதும் என் தப்புதான்."