மென்பொருளும் இழுக்கிறது

என் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். கிட்டாரை எடுத்தால் மட்டும் பிசகெல்லாம் அடுத்தவருடையதாகிவிடும்.

அவருக்கு டிரம் வாசித்துக்கொண்டிருந்தது என் அண்ணன், பஸ் டிரைவர். போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் பாட்டு முடிந்த கையோடு, டிரம் தாளத்தில் பின்தங்கி இழுக்கிறது, அதனால்தான் எடுபடவில்லை என்று இவர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். அண்ணன் டிரம்மைக் கட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருப்பதே அந்த அண்ணன்தான்.

இவரோ, ஆள் எதற்கு, கம்ப்யூட்டர் போதும் என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழாவில் தனியாக மேடையேறுவதாகப் பெயரும் கொடுத்துவிட்டார். ஒருமுறை வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு, எங்கேயும் நிறுத்தாமல் அதன்மேல் இன்னொன்று, அதற்கும்மேல் இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டே போகிற மென்பொருள் வேண்டுமாம். அந்தத் தேடலில் முதல் பலி என் இஸ்திரி மேசை. அதன்மேல் கம்ப்யூட்டர் ஏறி உட்கார்ந்துகொண்டது.

முதலில் கிடைத்தது ஒவ்வோர் அடுக்குக்கும் நின்று மூச்சு வாங்கியது. அடுத்தது இலவசம். நடுநடுவே ஒரு பெண் வந்து, முழுப் பதிப்பை வாங்குங்கள் என்பாள். ஸ்பீக்கரில் வந்த அவள் குரலும் மைக்கில் பதிவாகி, போகப் போக ஒரு பெண்கள் கூட்டமே ஆளுக்கொரு பக்கம் நின்று வாங்கச் சொன்னது.

மூன்றாவது, கேட்டதையெல்லாம் செய்தது. ஆனால் இரண்டு அடுக்கு ஏறியதுமே மேலடுக்கு முந்தி, அடியடுக்கு பின்தங்கி, பாட்டு நொண்டியது. இன்னொன்றை இறக்கிப் பார்த்தார், அதுவும் நொண்டியது. வெள்ளிக்கிழமை சமையலறைக்கு வந்து, உலகத்தில் இருக்கிற மென்பொருள் எல்லாம் இழுக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்.

"எல்லாம் எங்க அண்ணனுக்குச் சொந்தக்காரங்க போல," என்றேன்.

முறைத்தார். எனக்கும் பொறுமை போய்விட்டது. கையில் கரண்டியோடு இஸ்திரி மேசை முன்னால் போய் நின்று, ஓடவிடச் சொன்னேன்.

"இதுல இழுக்கிறது எது?"

"அடியில இருக்கே, முதல்ல பதிஞ்சது."

"அதை வாசிச்சது யாரு?"

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "நான்தான்," என்றார். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை நீட்டினேன்.

மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், "மச்சான், இந்த சாஃப்ட்வேர் எதுவும் சரியில்ல. ஞாயித்துக்கிழமை டிரம்மோட வந்துடுங்க," என்றார். அவர் அகராதியில் மன்னிப்புக்கு அவ்வளவுதான் சொல். அண்ணனுக்கும் அது தெரியும். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மேடையில் இவர் வழக்கம்போலப் பாதிப் பாட்டிலேயே தாளத்தை முந்திக்கொண்டு தலைதெறிக்க ஓடினார். நான் அண்ணனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிதானமாகத் தாளம் போடத் தொடங்கிய கால், இவரை விட்டுவிடக் கூடாதென்று பின்னாலேயே ஓடியது. தெரிந்தேதான் ஓடியது.

கீழே இறங்கி வந்ததும், டிரம் இழுக்கவில்லை, ஓடுகிறவர் நீங்கள்தான் என்று இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று அண்ணனைக் கேட்டேன்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொன்னா மாப்பிள்ளை வாசிக்கிறதையே விட்டுடுவாரும்மா. அப்புறம் நான் யாரு பின்னால ஓடுறது?"