பன்னிரண்டில் ஐந்து போனால்

கூட்டலும் கழித்தலும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பத்தொன்பது வருடமாகப் பேருந்தில் கண்டக்டர். ஏறியவர் எத்தனை, இறங்கியவர் எத்தனை, உள்ளே மிச்சம் எத்தனை என்று கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே சொல்லிவிடுவாள். அதனால் அண்ணனின் மருந்துக் கணக்கை அவள் கையில் எடுத்துக்கொண்டபோது யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. யாரும் என்றால், அந்த வீட்டில் இருந்ததே அவர்கள் இரண்டு பேர்தான்.

அண்ணனுக்குத் தச்சு வேலை. வயிற்றில் வந்த கட்டி முற்றிப்போய், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வலிக்கு மட்டும் ஒரு மருந்து. "அறுபது கிலோவுக்கு வேளைக்குப் பன்னிரண்டு மில்லி. எடை குறைஞ்சா அதே விகிதத்துல மருந்தையும் குறைச்சிடுங்க" என்றார் டாக்டர். அவள் தலையாட்டினாள்.

மூன்றாவது திங்கட்கிழமை எடை பார்த்தாள். ஐம்பத்தைந்து. ஐந்து குறைந்திருக்கிறது. பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? ஏழு மில்லி அளந்து கொடுத்தாள்.

அந்த வாரம் முழுக்க அண்ணன் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

"ரொம்ப வலிக்குதா அண்ணா?"

"கொஞ்சம்தான். நீ டியூட்டிக்குக் கிளம்பு. உன்னை விட்டுட்டு பஸ் போயிடப் போகுது."

அடுத்த திங்களன்று வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், மருந்து ஊற்றியிருந்த அளவு மூடியைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினாள். "ஏழா? யாரு சொன்னா?"

"நான்தான். அஞ்சு கிலோ குறைஞ்சுது, அஞ்சு மில்லி குறைச்சேன்."

நர்ஸ் திட்டவில்லை. மருந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து, பின்பக்கம் இரண்டு வரிசையாகக் கோடு போட்டாள். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் மருந்து.

"அறுபதுக்குப் பன்னிரண்டு. பாதி எடைக்குப் பாதி மருந்து, முப்பதுக்கு ஆறு. பத்துக்கு?"

"ரெண்டு."

"அஞ்சுக்கு?"

"ஒண்ணு..." சொன்ன வாய் மூடவில்லை.

"அப்போ அஞ்சு கிலோ குறைஞ்சா ஒரு மில்லிதான் குறையணும். ஐம்பத்தஞ்சுக்குப் பதினொண்ணு. உங்க கணக்குப்படி பார்த்தா நாற்பத்தெட்டு கிலோ ஆளுக்கு மருந்தே கிடையாதும்மா."

பதினொன்று கொடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் அண்ணனின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. அவள் கட்டிலருகே மண்டியிட்டு நடந்ததைச் சொன்னாள். சொல்ல வேண்டாம் என்று ஒரு மனம் அடித்துக்கொண்டது; சொல்லாமல் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

 அண்ணன் சிரித்தான்.

"மூடியில மருந்து குறைஞ்சதை நானும் பார்த்தேன். இனிமே குடுத்து என்ன ஆகப்போகுதுன்னு டாக்டரே கைவிட்டுட்டார்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிட்டா?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். உளி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை மட்டும் இளைக்காமல் அப்படியே இருந்தது.

அதன்பிறகு அட்டையில் ஒவ்வொரு திங்களும் ஒரு வரி கூடியது. ஐம்பதுக்குப் பத்து. நாற்பத்தைந்துக்கு ஒன்பது. ஒவ்வொரு வரியையும் மூன்று முறை சரிபார்த்தாள். நாற்பத்திரண்டுக்கு எட்டேகாலுக்குக் கொஞ்சம் மேலே என்று தடுமாறி, நர்ஸுக்குப் போன் செய்து எட்டு புள்ளி நான்கு என்று எழுதிக்கொண்டாள். அந்த வாரம் வியாழக்கிழமை, மதிய வெயில் ஜன்னலில் இருக்கும்போதே, அண்ணன் வலியில்லாமல் போய்ச்சேர்ந்தான்.

எடை பார்க்கும் கருவியைத் திரும்ப எடுத்துப்போக நர்ஸ் வந்தாள்.

"அந்த ஒரு வாரத்தால அண்ணன் ஆயுசு குறைஞ்சிருக்குமா?"

"ஒரு நாள்கூடக் குறையலம்மா. வலிதான் கூட இருந்திருக்கும்."

"எவ்வளவு கூட?"

நர்ஸ் அவள் தோளில் கைவைத்தாள். அவ்வளவு நாளும் அடக்கிவைத்திருந்தவள், அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.