கதவைத் தட்டும் சத்தம் வேண்டாம்

எனக்கு இந்த ஸ்காண்டிநேவியக் கொலைப் படங்களைக் கண்டாலே ஆகாது. துப்பறிகிறவன் சிரிக்க மாட்டான், தூங்க மாட்டான், காப்பியாகக் குடித்துத் தள்ளுவான். ஒரு பெண்பிள்ளை தனியாகப் பனியில் நடந்தால் போச்சு, அடுத்த காட்சியில் அவளைத் துணி போட்டு மூடியிருப்பார்கள். ஆனால் எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்தப் பெண்பிள்ளைகளால்தான். அவர்களுக்காகத் தமிழில் அலறுவது நான். டப்பிங் வட்டாரத்தில் எனக்குப் பெயரே ‘அலறல் அக்கா’.

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான். வெளி அறையில் என் வீட்டுக்காரர். அவர்தான் சவுண்டு இன்ஜினியர். உள் அறையில் நான், ஒரு மானிட்டர், ஒரு மைக், காதில் ஹெட்ஃபோன். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் ஸ்பாஞ்சு. நடுவில் ஒரு கண்ணாடி உண்டு. அதற்கு வெளிப்பக்கம் திரை போடச் சொன்னவள் நான்தான். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சாக வராது. போதாக்குறைக்கு ஒரு கட்டளையும் போட்டிருந்தேன். நான் உள்ளே எப்படிக் கத்தினாலும் கதவைத் திறக்கக் கூடாது. ஒரு படத்தில் பாதிச் சாவில் கதவைத் திறந்து, “டீ வேணுமா?” என்று கேட்ட மனுஷர் அவர்.

அந்த மைக் அவருடைய உயிர். துடைக்கத் தனித் துணி, மூடி வைக்கத் தனிப் பை. நான் கை வைத்தால் குதிப்பார். கதவின் உள்பக்கக் கைப்பிடியோ கழன்று விழுந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. “இந்தப் படத்தை அனுப்பிட்டு மாத்திடலாம்” என்பார். வேலை முடிந்ததும் நான் மைக்கில் சொல்வேன், அவர் வெளியிலிருந்து திறந்துவிடுவார்.

அன்று பகல் பதினொரு மணி. மிச்சமிருந்தது ஒரே காட்சி. ஏரிக்கரையில் படகுக் கொட்டகை. கதாநாயகியை உள்ளே பூட்டிவிட்டுக் கொலைகாரன் தீ வைக்கிறான். “கதவைத் திறங்க! தீப்பிடிச்சிருக்கு! மூச்சு முட்டுது!” என்று அவள் கதவை அடித்துக் கதறுகிறாள். படத்தில் துப்பறிகிறவன் ஓடி வந்து காப்பாற்றிவிடுகிறான். எந்தப் படமானாலும் மூல நாவலைத் தேடிப் படித்துவிட்டுத்தான் நான் மைக் முன்னால் நிற்பேன். நாவலில் அவன் வந்து சேரும்போது கொட்டகையில் சாம்பல்தான் இருக்கும்.

சத்தம் விழும் என்று ஏசியை நிறுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தக் காட்சியின் பன்னிரண்டு விநாடித் துண்டு, மானிட்டரிலும் ஹெட்ஃபோனிலும் திரும்பத் திரும்ப ஓடும். முதல் டேக் சுமார். இரண்டாவதில் ஏதோ கருகும் வாடை. படம் பார்த்துப் பார்த்து மூக்கும் கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதில் மானிட்டர் அணைந்தது, வசனத்தாளுக்கு வைத்திருந்த விளக்கும் அணைந்தது. காலுக்கருகே, பிளக் பாயிண்டைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு நெளிந்து மேலே ஏறியது.

மைக்குக்கும் ஹெட்ஃபோனுக்கும் கரண்ட் வெளி அறையிலிருந்து வருகிறது. அதனால் அவருக்கு எதுவும் தெரியவில்லை.

“என்னங்க, கதவைத் திறங்க! தீப்பிடிச்சிருக்கு!” என்று அலறினேன்.

“பிரமாதம்!” என்றார் காதுக்குள். “அந்த ‘என்னங்க’ மட்டும் வேணாம். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகலை. இன்னொண்ணு போலாம்.”

ஸ்பாஞ்சு எரிந்தால் வருகிற புகை இருக்கிறதே, அது தொண்டையைப் பிடித்து நெரிக்கிறது. ‘நடிப்பில்லை’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ‘ந’ மட்டும் வந்தது, மீதியெல்லாம் இருமலாகப் போனது.

“இருமல் அருமை! அதை அப்படியே வச்சுக்க.”

இருட்டில் தடவிக்கொண்டு போய்க் கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். கைப்பிடி இருந்த ஓட்டையில் விரலை விட்டுத் திருகினேன், நகம் பெயர்ந்தது. ஹெட்ஃபோனில் அந்தப் பனிதேசத்துப் பெண், எனக்குப் புரியாத பாஷையில், பன்னிரண்டு விநாடிக்கு ஒரு தரம் தன் கதவை அடித்துக் கதறிக்கொண்டிருந்தாள்.

“தட்டற சத்தம் வேணாம்மா. அது ஒரிஜினல் டிராக்ல இருக்கு. எனக்கு உன் குரல் மட்டும் போதும்.”

அட பாவி மனுஷா! பதினாலு வருஷம் குடித்தனம் பண்ணியும் என் நடிப்பு எது, நிஜம் எது என்று உனக்குத் தெரியவில்லையே! நூறு படத்தில் பயந்து காட்டியிருக்கிறேன். பயம் எனக்கு அத்துப்படி என்று வேறு நினைத்திருந்தேன். நிஜப் பயத்தில் அந்த முதல் அலறலுக்குப் பிறகு குரல் எழும்பவே இல்லை. இது நாவலா, படமா என்று ஒரு எண்ணம் ஓடியது. பள்ளிக்கூடத்திலிருக்கும் மகள் ஞாபகம் வந்தது. நாலு மணிக்கு அவள் கேட்டருகே நின்றுகொண்டிருப்பாளே, யார் போய் அழைத்து வருவார்கள்?

தரையோடு தரையாகத் தவழ்ந்தேன். மைக் ஸ்டாண்டின் காலில் கை பட்டது. அப்போதுதான் புத்தி வந்தது. நான் செத்தே போனாலும் இந்த மனுஷர் ‘இன்னொண்ணு போலாம்’ என்றுதான் சொல்வார்.

ஸ்டாண்டை இழுத்துச் சாய்த்தேன். விழுந்த மைக்கைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தேன். இன்னொரு தரம் அடித்தேன்.

“ஐயய்யோ! அடியே, என் மைக்கு!”

கதவு திறந்துகொண்டது. திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டு வந்தவர் புகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். மறுநொடி என் இரண்டு தோளையும் பிடித்துத் தரதரவென்று மாடிப்படி வரை இழுத்துக்கொண்டு போனார். மைக்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து எல்லாம் அடங்கிய பிறகு, படியில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். “எனக்குத் தெரியலைடி. சத்தியமாத் தெரியலை.”

சாயங்காலம் என்னைப் பார்க்க நாத்தனார் ஓடி வந்தாள்.

“எப்படிண்ணா கண்டுபிடிச்சே?” என்று அவரிடம் கேட்டாள்.

“குரல்லயே தெரிஞ்சுபோச்சு. பொண்டாட்டி குரல் தெரியாதா? மனசுக்கு என்னமோ பட்டுச்சு, ஓடினேன்.” அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

“கொடுத்து வச்சவங்க அண்ணி நீங்க” என்றாள் அவள்.

“ஆமா” என்றேன். தொண்டை புண்ணாக இருந்தது, அதற்கு மேல் வரவில்லை.

இப்போது புது அறை. கதவுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. கண்ணாடிக்குத் திரை கிடையாது. அவர் கண்கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு டேக் முடிந்ததும், “நல்லாருக்கியா?” என்கிறார். நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் சிவப்பு விளக்கு எரிந்ததும் என் இடது கை தானாகப் போய்ப் புது மைக்கைப் பிடித்துக்கொள்கிறது. கையை எடு என்று அவர் சொல்வதில்லை.