குளிர் ஆகாதவர்

"போர்வையை எடுங்கம்மா! மூடக் கூடாதுன்னு அப்பவே சொன்னேன்ல?"

அவள் திருட்டுத்தனமாகக் கணவரின் கால்மேல் போட்டிருந்த சால்வையை நர்ஸ் உருவினாள். அவர் மார்பிலும் தொடையிலும் ஒட்டியிருந்த பட்டைகளுக்குள் சில்லென்ற தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அவருக்குக் குளிர் ஆகாது சிஸ்டர். பாருங்க, தாடை நடுங்குது."

நர்ஸ் ஊசி போட்டாள். நடுக்கம் அடங்கியது.

"நின்னுபோன இதயத்தைத் திரும்ப ஓட வச்சிருக்கோம். அதுக்குள்ள மூளை அடி வாங்கியிருக்கும்மா. உடம்பு சூடானா இன்னும் கெட்டுப்போகும். நாளைக்கு மெதுவா சூடேத்துவோம். முழிக்கிறாரான்னு அதுக்கப்புறம்தான் தெரியும்."

பேக்கரி அடுப்பு முன்னால் நின்றே பழகிய உடம்பு அது. கொளுத்துகிற வெயில் காலத்திலும் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிற மனுஷன். மின்விசிறிக்காக அந்த வீட்டில் நடக்காத சண்டையா! இவள் போடுவாள், அவர் நிறுத்துவார். "உன்னைக் கட்டுனதுக்கு ஒரு ஐஸ் பெட்டியைக் கட்டியிருக்கலாம்" என்பார். "போய் அடுப்போடவே குடித்தனம் பண்ணுங்க" என்பாள்.

மறுநாள் காலை, சூடேற்றுவதற்காக நர்ஸ் கருவியின் பொத்தானை அழுத்தியதும் அவள் அவசரமாக எழுந்து வந்தாள். குளிர்ந்து கிடக்கும்வரை தூங்குகிறார் என்று சொல்லிக்கொள்ளலாம். சூடான பிறகும் எழுந்திருக்காவிட்டால்?

"சிஸ்டர், இன்னும் கொஞ்ச நேரம் குளிர்லயே இருக்கட்டுமே."

"நேத்து சால்வை போர்த்துனது நீங்கதானே?"

"தெரியாம பண்ணிட்டேன்மா. இப்ப வேணாம்மா."

பக்கத்தில் நின்ற மகள் அவள் தோளைப் பிடித்தாள். "அப்பா எந்திரிச்சிடுவாரும்மா. நீ சும்மா இரு."

திரையில் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஏறாதே, ஏறாதே என்று அவள் அதைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டே நின்றாள். அது பாட்டுக்கு ஏறியது. மத்தியானம் அவர் விரல்கள் வெதுவெதுப்பாகிவிட்டன. கடையிலிருந்து வந்ததும் கன்னத்தில் வைப்பாரே, அதே சூடு.

"ஏங்க... கடைக்கு நேரமாச்சு. எந்திரிங்க."

டாக்டர் இமையை விலக்கி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மகளை மட்டும் தனியே கூப்பிட்டுப் பேசினார். சாயங்காலம் இதயம் மறுபடி நின்றது. இந்த முறை ஓடவில்லை.

நர்ஸ் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். வெளியே போய், மடித்து வைத்திருந்த சால்வையைக் கொண்டுவந்தாள்.

"இப்பப் போர்த்தலாம்மா."

அவள் கழுத்துவரை இழுத்து விட்டாள். கால் விரல்களையும் மூடினாள். மேலே ஏசி காற்று நேராக அவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் நகர்ந்து குறுக்கே நின்றுகொண்டாள்.