எதிர்ச் சுவர்

ஸ்டூலின் மேல் நின்றபடி டேப்பைப் பல்லில் கடித்து ஒரு துண்டு கிழித்தாள் அவள். படத்தின் கடைசி மூலையை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு இறங்கி, கட்டிலின் தலைமாட்டுக்குப் போய், மாமனாரின் தலையோடு தன் தலையையும் சாய்த்து, அங்கிருந்து படம் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் பட்டு ஓரம் பளபளத்தது. எழுந்து திரையை ஒரு சாண் இழுத்துவிட்டாள்.

"இப்பத் தெரியுதா மாமா? தெளிவா இருக்கா?"

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த நாட்களில் வந்த பழக்கம் அது. யாரிடமும் அப்படித்தான் கேட்பாள்.

மாமனாரால் பதில் சொல்ல முடியாது. பக்கவாதம் வலது பாதியையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. இடது கை கொஞ்சம், கண் இரண்டு, அவ்வளவுதான் மிச்சம். முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்கார்த்தி வைத்தால் எதிர்ச் சுவரைப் பார்த்தாக வேண்டும். வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ளலாம். வந்த புதிதில் மூடிக்கொண்டுதான் இருந்தார். எத்தனை நாளைக்கு ஒரு மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?

சுவர் முழுக்க அவளும் அவள் கணவனும்தான். பதிவு அலுவலக வாசலில் மாலையோடு, யாரும் கூட இல்லாமல், இரண்டு பேர். மலைப்பாதையில் பஞ்சரான ஸ்கூட்டர் பக்கத்தில் பனிக்குள் பல்லிளித்துக்கொண்டு இரண்டு பேர். படகில், அருவிக்கரையில், ரயிலின் மேல் படுக்கையில் தலை இடிக்க உட்கார்ந்து இரண்டு பேர். வெளியூர்ப் படங்கள் தீர்ந்ததும் வீட்டுப் படங்களை ஒட்டினாள். கண் எரியாமல் இருக்கக் கடையிலிருந்து கொண்டுவந்த குளிர்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கும் கணவன். ஈரத் தலையில் துண்டோடு அவள். முதல் அடுப்பு வாங்கிய அன்று அதற்குப் பொட்டு வைத்து எடுத்த படம்.

"பெத்த பொண்ணுகூட இப்படிச் செய்யாதும்மா" என்பாள் மேல்வீட்டம்மா. "படுத்திருக்கற மனுஷனுக்குப் பொழுது போகணும்னு படமா மாட்டி வெச்சிருக்கியே. உனக்குப் பெரிய மனசு."

அவள் சிரித்துக்கொள்வாள். மறுத்துச் சொன்னதில்லை.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே ரகம்: டிக்கெட் உள்ளவன், இல்லாதவன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவருடைய சின்ன மகன், தான் போன கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கண்ணாடி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று தெரிந்தபோது, "டிக்கெட் இல்லாம ஏறினவ" என்றார். கல்யாணப் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் ஆசீர்வாதம் கேட்கப் போனார்கள். அவர் வாசலைத் தாண்ட விடவில்லை. படத்தை வாங்கிக் குப்புறக் கவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

"உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் சேர்த்து வெச்சு நான் பார்க்க மாட்டேன். என் கண்ணு மூடற வரைக்கும் பார்க்க மாட்டேன்."

அதைக்கூட அவள் மறந்திருப்பாள். வயசானவர், கோபக்காரர், போகட்டும் என்று கணவனைச் சமாதானப்படுத்தியவளே அவள்தான்.

அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. ஏழாம் மாதம் முடியும் தறுவாயில் வயிற்றுக்குள் குழந்தை அசைவதை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் நின்று கணவன் அப்பாவுக்கு ஃபோன் போட்டான். அழுகையில் கண் தெரியாமல் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திவிட்டான். அப்பாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"டிக்கெட் இல்லாம வந்தது. இறங்கிப் போயிருச்சு. விடு."

கணவன் ஃபோனை வைத்தான். அதைப் பற்றி அவர்கள் அப்புறம் பேசிக்கொண்டதே இல்லை. ஆனால் அந்தக் குரல் அவளுக்குள் முள்ளாகத் தைத்து அப்படியே நின்றுவிட்டது.

பக்கவாதம் வந்ததும் மூத்தவன் வீட்டில் அப்பாவைக் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்தார்கள். மூத்தவன் மனைவிக்கு இடுப்பு வலி. அந்த இடுப்பு வலி மாமனாரைத் தூக்க வேண்டிய வேளைகளில் மட்டும் சரியாக வரும். "கொஞ்ச நாள் நீ வெச்சுக்கடா" என்று மூத்தவன் தம்பியிடம் கேட்டபோது, அவன் வாயைத் திறக்கும் முன்னால் அவள் "சரி" என்றாள். கணவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

வேலையை விட்டாள். மாமனாரைக் குளிப்பாட்டினாள், துடைத்தாள், சோற்றைக் கூழாகப் பிசைந்து உருட்டிச் சூடு பார்த்து வேளை தவறாமல் ஊட்டினாள், புரட்டிப் படுக்க வைத்துப் பவுடர் போட்டாள். முதுகில் ஒரு புண் இல்லை. வந்து பார்க்கும் டாக்டரே அதிசயப்பட்டார். அவளுக்கு மட்டும் காரணம் தெரியும். அவர் சீக்கிரம் போய்விடக் கூடாது. பார்க்க மாட்டேன் என்றவர் பார்க்க வேண்டும். காலையில் கண் விழித்ததும் பார்க்க வேண்டும், சோறு இறங்கும்போது பார்க்க வேண்டும், எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

கணவன்தான் ஒவ்வொரு வாரமும் படங்களைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

ஒரே ஒரு படத்தை மட்டும் அவள் வெளியே எடுக்காமல் வைத்திருந்தாள். நேற்று டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெரியவனுக்குச் சொல்லிடுங்க, இனிமே கையில ஒண்ணுமில்ல" என்று சொல்லிப் போனார். உடனே அவள் தானே கடைக்குப் போய் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தாள். பார்க்காமல் அவர் தப்பித்துவிடக் கூடாது.

அதைத்தான் இன்று காலை ஒட்டினாள்.

கடற்கரை. ஏழாம் மாதத்து வயிறு. காற்றில் புடவை வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணவன் மணலில் முட்டி போட்டு, வயிற்றில் காதை வைத்து, பெரிய வைத்தியன்போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறான். அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். வழியில் போன யாரோ எடுத்துக் கொடுத்த படம்; ஓரத்தில் அந்த ஆளின் விரல் மங்கலாக விழுந்திருக்கிறது.

மாமனார் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இடது கை போர்வைக்கு மேலே எழும்பியது. ஆள்காட்டி விரல் நீண்டு நடுங்கியது. படத்தைக் காட்டினாரா, எடு என்றாரா, அவளைக் கூப்பிட்டாரா, யார் கண்டது? தொண்டையிலிருந்து "ஹ... ஹ..." என்று ஒரு சத்தம் வந்தது. வலது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பக்கவாதம் வந்த நாளிலிருந்தே அந்தக் கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டுதான் இருக்கும். அவள்தான் அவ்வப்போது துடைத்துவிடுவாள். இன்று துடைக்கவில்லை.

"இது யாருன்னு தெரியுதா மாமா?" என்றாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள், படத்தில் உள்ள வயிற்றை. "இதுதான் டிக்கெட் இல்லாம வந்தது."

விரல் அப்படியே நின்றது. கண் படத்தைவிட்டு அவள் முகத்துக்கு வந்தது. எல்லாம் புரிந்த கண். அவள் இத்தனை நாளும் காத்திருந்தது அந்தப் பார்வைக்குத்தான். கிடைத்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நாள்கணக்கில் பாத்திரம் கழுவும்போதும் துணி அலசும்போதும் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை, வாய்க்குள் சும்மா இருக்குமா?

அவர் காதருகில் குனிந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"உங்க ஸ்டேஷன் வந்திருச்சு மாமா. இறங்கிக்கங்க."

கஞ்சி வைக்க அடுக்களைக்குப் போனாள். உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டு, கொட்டிவிட்டு, மறுபடி வைத்தாள். கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது அந்த இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. மூக்கருகில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். முதலில் வந்தது கோபம்தான். வருஷக்கணக்கில் அவள் சுமந்ததை அவர் ஒரு பொழுதுகூடச் சுமக்கவில்லை.

"அதுக்குள்ளயா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டாள். "சொன்ன உடனே இறங்கிருவீங்களா?"

கண்ணை அவள் மூடிவிடவில்லை. தகவல் சொன்னதும் வேலைச் சட்டையில் கிரீஸ் கறையோடு ஓடிவந்த கணவன்தான் மூடினான்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. மூத்தவன் வாசலிலிருந்தே "அப்பா" என்று கதறிக்கொண்டு வந்தான். அவன் மனைவி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"பாருங்களேன்" என்றாள் எல்லோருக்கும் கேட்க. "இப்படி ஒரு சுவரு எங்க வீட்டுல இருந்தா கிடைச்சிருக்குமா? மாமா கொடுத்து வெச்சவரு."

மூத்தவன் தம்பியின் தோளில் சாய்ந்து விம்மினான். "உங்க சந்தோஷத்தைப் பார்த்துக்கிட்டே போயிருக்காருடா. மனசுல எதையும் வெச்சுக்காம போயிருக்காரு."

தம்பி அண்ணனின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டுக் கட்டில் பக்கம் திரும்பினான்.

"கடைசியா யாரும்மா பக்கத்துல இருந்தீங்க?" என்று கேட்டாள் மேல்வீட்டம்மா.

"நான்தான்."

"ஏதாவது பேசினியா?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பொய் சொல்ல நேரமிருந்தது. அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஒருவராவது புரிந்துகொள்ளட்டும், ஒருவராவது அவளைத் திட்டட்டும் என்றிருந்தது.

"ஸ்டேஷன் வந்திருச்சு, இறங்கிக்கங்கன்னு சொன்னேன்."

மூத்தவன் கையெடுத்துக் கும்பிட்டான், அவளைப் பார்த்து. "அவரு பாஷையிலயே வழியனுப்பி வெச்சிருக்கே. நாங்க யாராவது இருந்திருந்தா அழுது கத்தி உயிரை இழுத்துப் பிடிச்சிருப்போம்."

"புண்ணியவதி" என்றாள் மேல்வீட்டம்மா. "அப்படிச் சொல்லி அனுப்பினாத்தான் கட்டை சுகமாப் போகும்."

கணவன் மட்டும் திரும்பவில்லை. முதுகைக் காட்டி நின்றவன் அப்பாவின் போர்வை ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். அன்று அந்த ஆஸ்பத்திரி அறையில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் இரண்டே பேர்தான்.

சாயங்காலம் எல்லாம் முடித்து, ஈரத் தலையோடு அவன் வீடு திரும்பினான். வந்தவர்கள் கலைந்துபோயிருந்தார்கள். கட்டிலைத் தாண்டிப் போய்க் கடற்கரைப் படத்தின் முன்னால் நின்றான். அவன் பிரிண்ட் போடாத படம் அது ஒன்றுதான்.

"இதை எப்ப ஒட்டினே?"

"காலையில."

"பார்த்தாரா?"

அவன் குரலில் இருந்தது துக்கம் மட்டுமில்லை; அவளுக்குள் தைத்த அதே முள்ளும் இருந்தது. அவளுக்கு அது இப்போதுதான் காதில் விழுந்தது.

"பார்த்தாரு. நல்லாப் பார்த்தாரு."

"ம்" என்றான். மணலில் முட்டி போட்டிருந்த தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தான். அவள் பின்னால் போகவில்லை.

மேல்வீட்டம்மா ஒரு பாத்திரத்தில் சோறும் பருப்பும் கொண்டுவந்து தட்டில் போட்டு, அவள் முன்னால் வைத்தாள்.

"காலையில இருந்து பச்சைத் தண்ணிகூட இறங்கியிருக்காது. ரெண்டு வாய் சாப்பிடு. அழறதுக்கும் தெம்பு வேணுமில்ல?"

அவளுக்குப் பசித்தது. வெட்கம் கெட்ட பசி. தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேல்வீட்டம்மா யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை, மூத்தவன் மனைவி எப்படி மூக்கைச் சிந்தினாள் என்று வரிசையாகப் பேசிக்கொண்டே போனாள். அவள் "ம்" கொட்டிக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள்.

பேசிக்கொண்டிருந்த மேல்வீட்டம்மா சட்டென்று நிறுத்தினாள்.

"என்னம்மா இது, குழந்தைக்குப் பிசையற மாதிரிப் பிசைஞ்சு வெச்சிருக்கே?"

அவள் தட்டைப் பார்த்தாள். பருக்கை என்று சொல்ல ஒன்றுகூட முழுசாக இல்லை. எல்லாம் கூழாகிக் குழைந்து, ஓரத்தில் சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டி அடுக்கப்பட்டிருந்தது.

"வேற போடறேன், அதை வெச்சிரு" என்று மேல்வீட்டம்மா தட்டை எடுக்கக் கையை நீட்டினாள்.

"வேண்டாங்க" என்றாள். தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். ஒரு உருண்டையை எடுத்து, சூடு இருக்கிறதா என்று உதட்டில் வைத்துப் பார்த்தாள்.