ஈஸ்டருக்கு மறுநாள் வலி

"ஸ்கேன் எடுக்கணும் டாக்டர். இப்பமே எடுக்கணும்."

நர்ஸ் மருந்து கேட்கலாம், ஊசி கேட்கலாம். சோதனை கேட்கக் கூடாது. தக்கலையில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே பெபிஷாவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ரப்பர் பால்வெட்டுகிறவரின் மகள், குடும்பத்தில் முதல் பட்டதாரி. வாய் அடங்கவில்லை.

டாக்டர் ஜஸ்டஸ் நிமிரவில்லை. வருஷாவருஷம் பார்க்கிற கூத்துதானே. கடற்கரைக்காரர்கள் தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி தொடமாட்டார்கள். ஈஸ்டர் விடிந்ததும் எருமைக்கடா வெட்டிப் போத்திறைச்சியில் இறங்குவார்கள், மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். எல்லோருக்கும் ஒரே வாயு ஊசி. மணவாளக்குறிச்சி குளோரிக்கும் காலையில் அதுதான். மற்றவர்கள் ஏப்பம் விட்டு வீடு போனார்கள். குளோரி போகவில்லை.

வலி வலது விலாவுக்குக் கீழே குத்தி நின்றது, தோள்பட்டைக்கும் ஏறியது. ஆறு மணி நேரமாக ஓயவில்லை. வாந்தி, காய்ச்சல் நூற்றியொன்று. பெபிஷா அந்த விலாவுக்கடியில் விரல்களை அழுத்தி, மூச்சை இழுக்கச் சொன்னாள். பாதியில் வெட்டுண்டு நின்றது மூச்சு. இடப்பக்கம் அழுத்தியபோது முழுசாகப் போனது. பித்தப்பை அழற்சிதான். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"ஸ்கேன் டாக்டர் நாளைக்குத்தான் வருவாரு. நாலு வருஷம் படிச்சா நீ டாக்டர் ஆயிருவியா?"

"ஆவமாட்டேன். கை வச்சுப் பாத்தேன். நீங்க வச்சியளா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கை வைத்துப் பார்க்கவில்லை என்று அதிலேயே தெரிந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை, நோயாளி வீட்டுக்காரர்களிடம் வாய் திறக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

வராந்தாவிலேயே அவள் நூற்றியெட்டுக்குப் போன் போட்டாள். வார்டில் குளோரியின் கணவன் செல்வன் கஞ்சி டம்ளரோடு நின்றான். அதை வாங்கி வைத்தாள். ஆப்பரேஷன் வேண்டிவரலாம், தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்றாள்.

"அப்பம் இது கேஸ் டிரபிள் இல்லியா மக்கா? எனக்க மாமி பெருங்காயம் கலக்கிக் குடுத்தாவளே."

"காயத்துக்கு அடங்குற வலி இல்ல அண்ணே. பித்தப்பை பழுத்திருக்கு. இங்க போட்டு வச்சா அழுகிப்போவும். மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோவோம்."

செல்வன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்ததும், சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அங்கே போய் இவன் வெறும் வாயு என்று சொல்லிவிட்டால் மறுபடியும் ஊசிதான். கூடப் போய் நாமே சொல்ல வேண்டியதுதான் என்று பெபிஷாவும் கிளம்பினாள்.

வாசலில் ஜஸ்டஸ் நின்றார். இந்தப் படியைத் தாண்டினால் நாளைக்கு வர வேண்டாம் என்றார்.

"வரல டாக்டர்."

குளோரி உட்கார்ந்த சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, அவரைக் கடந்து ஆம்புலன்ஸை நோக்கி வெளியேறினாள்.